கரையில் நின்று கூரி சொன்னது

கூரி கடவுளைத் திட்டியதை வடகோடி மீன்பிடித் துறையான ஸ்கார்விக்கின் கரையில் நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கடலுக்குள் கிடந்த எஸ்கிலும் கேட்டான்.

அது பெப்ரவரி மாதம். காட் மீன் கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டி வரும் காலம். காலையில் படகுகள் கிளம்பும்போது கடல் எண்ணெய் ஊற்றி வைத்தாற்போல அசையாமல் கிடந்தது. மதியம் திரும்பும் வேளையில் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. பனி வேறு கொட்டத் தொடங்கியது. மற்ற படகுகள் தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்துவிட்டன. கடைசியாக வந்தது எல்லிங்கின் படகு.

அதில் நாலு பேர். எல்லிங், அவனுடைய மகன்கள் ஹோவாரும் அஸ்லாக்கும், பிறகு அந்த வீட்டிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய்வரும் எஸ்கில். எஸ்கில் வடக்கே ஒரு தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். தாய் தகப்பன் கிடையாது. எல்லிங்கை அண்ணன் என்பான், அவன் மனைவி கூரியை அண்ணி என்பான். அந்த வீட்டில் சோறும் திட்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தன. கூரிக்கு அப்படியொரு வாய். அடுப்படியில் நின்று அவள் கூப்பிட்டால் மலைச்சரிவில் மேயும் ஆடு திரும்பிப் பார்க்கும் என்று எல்லிங் சொல்லிச் சிரிப்பான்.

துறைக்குள் நுழையும் வாயிலில் ஒரு பாறை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் பிழைத்தார்கள் என்று அர்த்தம். அந்தப் பாறைக்கு அருகே படகு ஒரு அலையின் முதுகில் ஏறியது, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. கரையில் நின்ற பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். அடுத்த நொடி பனி திரையிட்டதுபோல இறங்கிக் கடலையே மறைத்துவிட்டது. வேறு படகை இறக்கத் துணிந்தவர்களை அலை இரண்டு முறை கரையிலேயே புரட்டித் தள்ளியது.

அப்போதுதான் கூரி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினாள். பக்கத்து வீட்டு மாரித் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாதிரியார் லவ்ரிட்ஸ் கையில் தொப்பியுடன் கரையில் நின்றார். கூரி வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், மேல இருக்கறவனே! உன்கிட்டதான் பேசறேன், காத அந்தப் பக்கம் திருப்பாத! உன் பிள்ள ஒருத்தன் செத்தான்னு வாராவாரம் எங்கள உக்கார வச்சு அழ வைக்கறியே, என் பிள்ளைங்க ரெண்டு பேரு! அவங்களுக்கு நீ அழுவியா? உன் பிள்ளைய மட்டும் மூணாம் நாளு எழுப்பி எடுத்துக்கிட்ட. களவாணி! என் பிள்ளைங்களக் குடு! குடுக்க முடியாதுன்னா கீழ எறங்கி வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தொண்டை கிழிந்து வெறும் காற்றாகும் வரை சொன்னாள். கரையில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சில பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மின்னல் வெட்டி அவளைப் பொசுக்கப் போகிறது என்று நினைத்துச் சிலர் பின்வாங்கினார்கள். மின்னல் எதுவும் வரவில்லை. நெடுநேரம் கழித்து, அவள் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளி, அலை ஒரு மனிதனைக் கொண்டுவந்து போட்டது.

அவன் எஸ்கில். அவன் மட்டும்தான்.

எல்லிங்கின் உடல் மறுநாள் கிடைத்தது. பிள்ளைகள் கிடைக்கவே இல்லை. எல்லிங்கைப் புதைக்கும்போது எல்லோரும் பாடினார்கள், கூரி வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு கோவில் பக்கம் அவள் போகவும் இல்லை. குளிரில் விரல் கறுத்துப் படுக்கையில் கிடந்த எஸ்கிலுக்கு மட்டும் மூன்று வேளையும் மீன் கஞ்சி வைத்து ஊட்டினாள். ஊட்டும்போது அவன் முகத்தையே பார்ப்பாள். தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவளுடைய பிள்ளைகளின் இடத்தில் தான் உயிரோடு கிடந்து கஞ்சி குடிப்பதே அவனுக்குப் பெரிய திருட்டாகப் பட்டது. இதில் வாயைத் திறந்து எதைச் சொல்ல?

விஷயம் அந்தத் துறையோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் மீன் பாதியிலேயே போய்விட்டது. மீனைக் காயத் தொங்கவிடும் மரச்சட்டங்கள் எலும்புக்கூடு மாதிரி காலியாக நின்றன. பசி வந்தால் ஊர் காரணம் தேடும். "அவ சொன்ன வார்த்தைக்கு மீன் நிக்குமா?" என்று யாரோ எங்கோ சொன்னார்கள். அது தீவு தீவாகத் தாவி, ராஜாவின் அதிகாரி டீட்ரிக் காது வரை போய்விட்டது.

டீட்ரிக் கொடியவன் இல்லை. தேவதூஷணத்தைத் தண்டிக்காமல் விட்டால் கடவுளின் கோபம் நாடு முழுவதன் மேலும் இறங்கும் என்று அவன் மனதார நம்பினான். கோபன்ஹேகனில் இருக்கிற ராஜாவும் அப்படித்தான் நம்பினார். அச்சிட்டு அனுப்பியிருந்த புதுச் சட்டத்தில் அது தெளிவாக எழுதியிருந்தது. கடவுளை நிந்தித்தவரின் நாக்கை உயிரோடு இருக்கும்போதே அறுக்க வேண்டும். பிறகு தலையை. பிறகு இரண்டையும் கம்பத்தில் ஏற்ற வேண்டும்.

வசந்தகால விசாரணைக்குக் கூரியை அழைக்க ஆள் வந்த அன்றே மாரித் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். எஸ்கில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த கொட்டகைக்கும் வந்தாள்.

"இங்க பாரு எஸ்கிலு. அன்னைக்குக் காத்து பலமா அடிச்சுது. என்ன?"

"ஆமா."

"அவ கத்தினா. என்ன கத்தினான்னு ஒருத்தர் காதுலயும் விழல. புரியுதா?"

"பைபிள் மேல கை வச்சுல்ல கேப்பாங்க, மாரித் அக்கா?"

"வைக்கட்டும். நான் ரெண்டு கையும் வைக்கறேன். அதுக்காக ஆண்டவர் என்னை நரகத்துல போட்டா அங்க குளிருக்கு எதமா இருக்கும்." சிரிப்பதுபோல ஆரம்பித்தவள் மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள். "நீ தண்ணிக்குள்ள இருந்தவன். உனக்குத்தான் லேசு. கேக்கலன்னு சொன்னா யாரு சந்தேகப்படுவா?"

எஸ்கில் தலையை ஆட்டினான். அப்படியே சொல்வதாகத்தான் அவன் முடிவு செய்திருந்தான்.

விசாரணை பெரிய தீவில், வியாபாரி ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் நீதிபதி ஏவெர்ட் உட்கார்ந்திருந்தார். மெலிந்தவர், நரைத்தவர், ஓயாமல் இருமுகிறவர். அவருக்கு இருபுறமும், அவரோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்லச் சத்தியம் செய்து உட்கார்ந்த மீனவர்கள் எட்டுப் பேர். எதிரே டீட்ரிக். சுவரோரம் ஸ்கார்விக் ஜனம் முழுவதும் ஈரக் கம்பளி வாசனையோடு நின்றது. கூரி நடுவில் நின்றாள். கையைக் கட்டியிருக்கவில்லை.

"உன் மேல என்ன குற்றச்சாட்டுன்னு தெரியுமா?" என்றார் நீதிபதி.

"தெரியும்."

"அந்த வார்த்தைகள நீ சொன்னியா?"

கூரி சுவரோரம் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நான் மெல்லப் பேசறவ இல்லைங்க. அவங்களக் கேளுங்க. கேட்டிருந்தா சொல்லட்டும்."

மாரித் முதலில் போனாள். கை வைத்தாள். காற்று பலம், எதுவும் கேட்கவில்லை என்றாள்.

"அவ இடுப்ப நீதானே புடிச்சிருந்த?" என்றான் டீட்ரிக்.

"புடிச்சது கையாலங்க. காதால இல்ல."

அடுத்து அவள் கணவன். காற்று. அடுத்து படகு கட்டுகிற ராஸ்முஸ். காற்று, அதோடு அலை. கிழவர் ஒருவர் தனக்குப் பிறவியிலேயே காது மந்தம் என்றார்.

"நேத்துதானே என்கிட்ட மீன் விலை பேசின?" என்றான் டீட்ரிக்.

"விலை மட்டும் கேக்கும் ஐயா. மத்ததெல்லாம் கேக்காது."

கூடம் சிரித்தது. எட்டுப் பேரில் ஒருவர் தாடிக்குள் வாயை மறைத்துக்கொண்டார். நீதிபதி கூட இருமுகிற சாக்கில் குனிந்துகொண்டார். ஊர் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், கை வைத்தார்கள், கேட்கவில்லை என்றார்கள், நிம்மதியாகப் போய்ச் சுவரோரம் நின்றார்கள்.

எஸ்கில் கூரியைப் பார்த்தான்.

எல்லோரும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் முகமோ ஒவ்வொரு வார்த்தைக்கும் செத்துக்கொண்டே வந்தது. கேக்கல. கேக்கல. ஒண்ணும் கேக்கல. ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்து அவர்கள் வாயைப் பார்த்தாள், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒன்றும் திறக்காமல் திரும்புகிறவளைப் போல இருந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவள் உள்ளே இருந்த அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். அதை மேலே இருக்கிறவன் கேட்டானா என்று தெரியாது. கீழே இருக்கிறவர்களும் கேட்கவில்லை என்றால், அவள் அன்றைக்கு யாரிடம்தான் கத்தினாள்?

"எஸ்கில்," என்று கூப்பிட்டார்கள்.

அவன் போய்ப் புத்தகத்தின் மேல் கை வைத்தான். இரண்டு விரல்கள் நுனி இல்லாமல் குட்டையாக இருந்தன. டீட்ரிக் சலிப்போடு கேட்டான்.

"உனக்கும் காத்துதானா?"

எஸ்கில் சொல்ல வந்தது "ஆமா" என்றுதான். வாய் வேறொன்றைச் சொல்லியது.

"நான் கேட்டேன்."

மாரித் "ஐயோ" என்றாள். கூரி தலையைத் தூக்கினாள்.

"என்ன கேட்ட?" டீட்ரிக் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்தான்.

"ஐயா, நான் கேட்ட மாதிரிதான் சொல்ல முடியும். படகு கவுந்ததும் எல்லிங் அண்ணனும் ஹோவாரும் அப்பவே போயிட்டாங்க. நான் பாத்தேன். அஸ்லாக்கும் நானும் படகோட அடிக்கட்டைய, ஆளுக்கொரு பக்கமா, கையக் கோத்துப் புடிச்சுக்கிட்டோம். பனி. எங்க பாத்தாலும் வெள்ள. கரை எந்தப் பக்கம்னு தெரியல. மேல எது, கீழ எதுன்னுகூடத் தெரியல. எனக்குத் தூக்கம் வந்துச்சு. குளுருல வர்ற தூக்கம், எல்லாருக்கும் தெரியும். சரி, விட்டுடலாம்னு நெனச்சேன். அப்ப அஸ்லாக் என் கையப் புடிச்சு உலுக்கினான். 'எஸ்கிலு, கேக்குதா? எங்கம்மா'ன்னான்."

கூரியின் கை மார்புக்குப் போனது.

"எனக்கும் கேட்டுச்சு. காத்து எதிர்ப்பக்கமா அடிக்குது, அலை அந்தப் போடு போடுது, ஆனா அண்ணி குரல் அத்தனையும் கிழிச்சுக்கிட்டு வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு நான் இன்னமும் யோசிக்கறேன். மனுஷக் குரலு அவ்ளோ தூரம் வராதுங்க. அஸ்லாக் சிரிச்சான். சத்தியமாச் சிரிச்சான். 'யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கறா பாரு'ன்னான். அப்புறம் யாரைன்னு எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. அவன் சிரிப்ப நிறுத்திட்டு அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தான். அவன் மொகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. அந்த மாதிரி மொகத்த நான் பாத்ததில்ல. 'கரை அங்கதான். அந்தக் குரலப் புடிச்சுக்கிட்டுப் போ'ன்னான். நீயும் வாடான்னேன். அவன் கை ரெண்டும் மரத்துப்போச்சு. விரலப் பிரிச்சு என்னைத் தள்ளி விட்டது அவன்தான்."

அவன் புத்தகத்தின் மேலிருந்த தன் குட்டை விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"நான் நீந்தினேன்னு சொல்ல மாட்டேன். கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்துச்சு. அந்தக் குரல் நின்னா நான் முழுகியிருப்பேன். அது நிக்கல. அண்ணி என்ன வார்த்த சொன்னாங்கன்னு கேக்கறீங்க. அத்தனையும் எனக்குத் தெரியும். வேணும்னா இப்பவே சொல்றேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். அது ஆண்டவருக்குப் புடிக்கலன்னா, அந்தக் காத்து அவரோடதுதானே? இன்னும் கொஞ்சம் பலமா அடிக்க விட்டிருந்தா என் காதுல விழுந்திருக்காதே?"

எட்டுப் பேரும் கடலில் போகிறவர்கள். எல்லோரும் ஒரு முறையாவது அந்த வெள்ளைக்குள் இருந்து வந்தவர்கள். ஒருவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். யாருக்காகக் கழற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நீதிபதி இறகுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அஸ்லாக் கேட்டானா?" என்றாள் கூரி. எஸ்கிலை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டான் அண்ணி. அவன்தான் மொதல்ல கேட்டான்."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். குளிர்காலம் முழுவதும் அழாதவள், அன்றைக்கு அந்த அந்நிய வீட்டுக் கூடத்தில் வாய்விட்டு அழுதாள். காவலுக்கு நின்றவன் அவளைத் தூக்க வந்தான். நீதிபதி வேண்டாம் என்று கையசைத்தார்.

டீட்ரிக்கின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவன் தன் கடமையை விடவில்லை. "உயிர் போற வழக்குல ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தன் சொல்லிட்டான். பாதிரியார் ஐயா அன்னைக்கு அங்க இருந்தாங்க."

லவ்ரிட்ஸ் எழுந்தார். அவர் பயந்த சுபாவம் உள்ளவர். பிரசங்கத்தில்கூடக் குரலை உயர்த்தாதவர்.

"நானும் கேட்டேன்," என்றார். "எல்லாத்தையும் கேட்டேன். ஆனா என்ன கேட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஒரு ஆத்துமா தன் போதகன் பக்கத்துல நிக்கறப்போ ஆண்டவர்கிட்ட மனசத் திறந்தா அது பாவ அறிக்கை. அத வெளிய சொன்னா நான் இந்த அங்கியப் போட்டிருக்கக் கூடாது. அதுவும் ராஜா போட்ட சட்டந்தான்."

"கடற்கரையிலயா பாவ அறிக்கை?" டீட்ரிக் கத்திவிட்டான். "இடுப்புத் தண்ணியில நின்னுக்கிட்டா?"

"அவளுக்கு எங்க வாய் திறந்துச்சோ, அங்க."

அன்றைக்குக் கரையில் தொப்பியும் கையுமாக உறைந்து நின்ற மனிதரை எஸ்கில் நினைத்துப் பார்த்தான். அவர் உண்மையிலேயே அதைப் பாவ அறிக்கை என்று நம்பினாரா, அல்லது நீதிமன்றத்தில் நின்றபோது கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாரா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எட்டுப் பேரும் நீதிபதியும் உள்ளறைக்குப் போனார்கள். திரும்பி வந்து தீர்ப்பைப் படித்தார்கள். சாட்சி ஒன்றுதான் என்பதால் உயிருக்குத் தண்டனை இல்லை. ஆனால் ஊரறிய நடந்த நிந்தனைக்கு ஊரறியப் பரிகாரம் வேண்டும். கோடை நடுவில் வரும் யோவான் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்கார்விக் கோவிலில் சபையார் முன்னால் மண்டியிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி அவள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அதிகாரி டீட்ரிக் நேரில் இருந்து கேட்டு உறுதி செய்வார்.

ஊர் திரும்பும் படகில் எஸ்கில் துடுப்புப் போட்டான். கூரி எதிரே உட்கார்ந்திருந்தாள். கரை கண்ணில் பட்ட பிறகுதான் அவன் பேச்சை எடுத்தான்.

"ரெண்டே வார்த்த அண்ணி. மன்னிச்சிருன்னு சொல்லிட்டு எழுந்திரிச்சிருங்க."

"எனக்கு வாய் இல்லன்னா நெனச்ச?"

"வாய் இருக்கறதாலதான் பயமா இருக்கு."

அவள் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டு வந்தாள். "பொய் சொல்லி அவர்கிட்டப் போக முடியாது எஸ்கிலு. அன்னைக்கு நான் பொய் சொல்லல. அதனாலதான் குரல் வந்துச்சு." எஸ்கிலுக்கு அன்றிரவும் அதற்கடுத்த இரவுகளும் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கண் கூசியது. கோடையில் அங்கே சூரியன் அடங்குவதே இல்லை. கோவில் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே கடல் தகடு மாதிரி மின்னியது. தூரத் தீவுகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் படகேறி வந்துவிட்டார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. முதல் வரிசையில் டீட்ரிக் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான்.

பாட்டு முடிந்ததும் லவ்ரிட்ஸ் கூரியை அழைத்தார். அவள் கறுப்பு உடுப்பில் நடுவழியாக நடந்து போனாள். பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். தலையைக் குனியவில்லை. பீடத்துக்கு மேலே மரத்தில் செதுக்கிய சிலுவை தொங்கியது. அதில் தொங்கிய மகனின் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பின் வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கிற்று. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"ஆண்டவரே," என்றாள் கூரி.

கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவதுபோல இருந்தது. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"நான் அன்னைக்குச் சொன்னத மன்னிச்சிரு."

மாரித் பெருமூச்சு விட்டாள். டீட்ரிக்கின் தோள் தளர்ந்தது. எஸ்கில் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது, எழுந்துவிடுங்கள் அண்ணி, எழுந்துவிடுங்கள்.

அவள் எழவில்லை.

"நீ செஞ்சத மன்னிக்க நானும் பாக்கறேன். இன்னும் முடியல. கொஞ்சம் அவகாசம் குடு."

எஸ்கில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ அமைதியைப் பார்த்திருக்கிறான். புயலுக்கு முந்தைய அமைதி, பனி விழுந்து முடித்த பிறகு வரும் அமைதி. அன்றைக்குக் கோவிலுக்குள் விழுந்தது அந்த மாதிரி இல்லை. அவள் மேலே பார்த்துப் பேசியதும், பதிலுக்குக் காத்திருப்பவள்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், கூரை திறந்துகொண்டு யாரோ குனிந்து கேட்பது மாதிரி அவனுக்குத் தோன்றியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை. இப்படி ஒருத்தி பேசுகிற இடத்தில் தானும் இருக்கிறோமே என்று நெஞ்சு விம்மியது.

டீட்ரிக் பாதி எழுந்திருந்தான். வாய் திறந்திருந்தது. சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று தேடுகிறவனைப்போல நின்றான். கூரியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, யாரோ தோளைத் தொட்டு அமர்த்தியதுபோல, மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

லவ்ரிட்ஸ் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கன்னம் நனைந்திருந்தது. "ஆமென்," என்றார். அது அவர் வழக்கமாகச் சொல்கிற ஆமென் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஆமென்," என்றாள் மாரித். "ஆமென்," என்றார் காது மந்தமான கிழவர். பிறகு வரிசை வரிசையாக, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து, அலை கரைக்கு வருவது மாதிரி அந்தச் சொல் பின்னாலிருந்து முன்னால் வந்தது. அந்தச் சபையில் புயலுக்கு ஆள் பறிகொடுக்காத வீடு ஒன்றுகூட இல்லை.

வெளியே படிக்கட்டில் டீட்ரிக் பாதிரியாரை நிறுத்தினான். "அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க. கேட்டா."

"ரெண்டாவதா ஒண்ணு சொன்னாளே."

"அது உங்ககிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல."

டீட்ரிக் தொப்பியைத் தலையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். படகில் ஏறிப் போய்விட்டான். தீர்ப்பு நிறைவேறியது என்று எழுதி அனுப்பினான் என்று பிறகு சொன்னார்கள். அதற்கு மேல் ராஜாவின் ஆட்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கூரி கோவில் சுவரோரம், எல்லிங்கைப் புதைத்த இடத்தில் நின்றிருந்தாள். புல் முளைத்திருந்தது. எஸ்கில் பக்கத்தில் போய் நின்றான். அவளை நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கஞ்சி ஊட்டிய அதே பெண்தான். ஆனாலும் பெரிய மலைக்கு அடியில் வந்து நிற்பதுபோல இருந்தது.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சா எஸ்கிலு?" என்று அவள் கேட்டாள். அந்தத் தண்ணீரைப் பற்றி அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கொஞ்ச நேரந்தான் அண்ணி. அப்புறம் தெரியல."

"அவனுக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது. உங்க குரலத்தான் கேட்டுக்கிட்டு இருந்தான்."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். கல்லறை மேல் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஓரமாகப் போட்டாள். உடுப்பின் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றாள். "பசிக்குது."